பிள்ளையை மறைத்தல் தகாது
(பென்னாகரத்தில் கூடிய நமது சங்கத்தின் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று என்னைப் பேசும்படி பணித்த விஷயம், நம் கூட்டங்களில் இதுவரை பேசப்படாத விஷயமாகும். கல்வி நிதியைப் பற்றியும், விவாகச் செலவைக் குறைப்பதைப் பற்றியும், விவசாயத்தைப் பற்றியும் நாம் பலமுறை பேசியிருக்கிறோம். ஆனால், நம்முடைய வீடுகளிலேயே, பேச்சு வராமலும், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பாராமலும், ஓரிடத்தில் அமர்ந்திருக்க மாட்டாமலும், எழுத்துக் கூட்டி வாசிக்க இயலாமலும் வளர்ந்துவரும் பிள்ளைகளைப் பற்றி நாம் வாய் திறந்ததில்லை. அப்பிள்ளைகள் நம்மிடையே இல்லை என்பது அதற்குக் காரணமன்று; பேசினால் குடும்பத்திற்கு இழுக்கு நேரும் என்று எண்ணுவதே காரணம். நான் வைத்தியனல்லன், அத்தகைய பிள்ளை ஒருவனைப் பெற்று வளர்த்துவரும் தகப்பன். ஆதலின், வைத்திய சாஸ்திரத்தை விரித்துரைக்க முற்படாமல், பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவற்றை மாத்திரம் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றே. இப்பிள்ளைகளுக்கு நேரும் தீங்குகளிற் பெரியது, அவர்கள் பிறவியிற் பெற்ற மாறுபாடன்று. அம்மாறுபாட்டை நாம் மறைத்து வைப்பதனால் வீணாய்க் கழிந்துபோகும் காலமேயாம்.

முதலில் அம்மாறுபாடு இன்னதென்று பார்ப்போம். எல்லாருடைய முகமும் ஒன்றுபோல் இராததுபோலவே, எல்லாருடைய மூளையும் ஒரேவிதமாய் வேலை செய்வதில்லை. சில பிள்ளைகளுக்குப் பிறரோடு பேசுதலும் பழகுதலும் அரிதாயிருக்கும். ஒரே செய்கையைத் திரும்பத் திரும்பச் செய்வதில் விருப்பம் மிகும். ஓசை, வெளிச்சம், தொடுதல் ஆகியவை நமக்குத் தோன்றுவதைவிடப் பன்மடங்கு கடுமையாய்த் தோன்றும். இதனை ஆட்டிசம் என்பர். வேறு சிலருக்குக் கவனம் ஒன்றில் நில்லாது, உடம்பும் ஓயாது. மற்றும் சிலர் எல்லாவற்றிலும் கெட்டிக்காரராயிருந்தும் எழுத்தைக் கண்டால் தடுமாறுவர்; இதற்கு டிஸ்லெக்ஸியா என்று பெயர். ஒரே பிள்ளையிடத்தில் இவற்றுள் இரண்டு சேர்ந்து காணப்படுவதும் உண்டு.

இவை நம் காலத்தில் புதிதாய் முளைத்தவையல்ல. இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்னும் வைத்தியர், நல்ல புத்தியிருந்தும் வாசிக்க முடியாத பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி 1896-ஆம் ஆண்டிலேயே எழுதினார். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடக்குமாயின் அப்பள்ளிக்கூடத்தில் அவனே முதல்வனாயிருப்பான் என்று அவனுடைய உபாத்தியாயர் கருதினாராம். அமெரிக்காவில் லியோ கேனர் என்னும் வைத்தியர் 1943-ஆம் ஆண்டில் பதினொரு பிள்ளைகளைக் கவனித்து ஆட்டிசத்தை விவரித்தார். இன்று உலக சுகாதார நிறுவனத்தார், 2021-ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏறக்குறைய 127 பேரில் ஒருவர் ஆட்டிசம் உடையவர் என்கின்றனர். நம் சங்கத்துக் குடும்பங்களை அக்கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அத்தகையவர் நம்மில் எவருமில்லை என்று சொல்வோமாயின், அது மறைத்ததனால் வந்த இன்மையேயன்றி வேறன்று.

இப்பிள்ளைகளை நாம் இதுவரை என்ன பெயரிட்டு அழைத்து வந்தோம்? சோம்பேறி என்றோம், அடங்காப்பிடாரி என்றோம், செல்லம் கொடுத்துக் கெடுத்தது என்றோம், பைத்தியம் என்றும் சொன்னோம். “அடியாத மாடு படியாது” என்ற பழமொழியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கோலையும் எடுத்தோம். அடிக்குப் பயந்து பிள்ளை அடங்குவது உண்மையே. ஆனால், காது கேளாதவனை அடித்தால் காது கேட்குமா? ஓசை தாங்காமல் காதைப் பொத்திக்கொள்பவனை அடித்தால் ஓசை குறையுமா? அடியினால் அவன் கற்பது பயம் ஒன்றே. பேச்சில்லாத பிள்ளை தன்னை அடித்தவர் இன்னாரென்று சொல்லவும் மாட்டாது என்பதைப் பெற்றோர் நினைவிற்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை அடிப்பதும் மனம் நோகச் செய்வதும் கூடாதென்று 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் தடுத்திருக்கிறது. பள்ளிக்கூடத்திற்கு ஆகாதது வீட்டிற்கு எவ்வாறு ஆகும்?

இனி, குற்றம் யாருடையது என்னும் கேள்வி. நம் வீடுகளில் இக்கேள்வி பெரும்பாலும் தாயை நோக்கியே எழுகிறது. கிரகண காலத்தில் வெளியே வந்தாள், சூல் கொண்டபோது கோபப்பட்டாள், வேலைக்குப் போய்ப் பிள்ளையைக் கவனியாது விட்டாள் என்றெல்லாம் மாமியார் வீட்டார் சொல்லக் கேட்டிருக்கிறோம். மேல்நாட்டாரும் இத்தவற்றிற்கு விலக்கானவரல்லர். தாயின் அன்பின்மையே ஆட்டிசத்திற்குக் காரணமென்று அங்கே கற்றவர்களே பல்லாண்டு சொல்லிவந்தனர். பெர்னார்டு ரிம்லாண்டு என்பவர், தாமே ஆட்டிசமுள்ள மகனுக்குத் தந்தை; மனோதத்துவம் பயின்றவர். அவர் 1964-ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதி, இது பிறவியில் அமைந்த உடற்கூற்றைச் சார்ந்ததேயன்றித் தாயின் குற்றமன்று என்று வாதித்தார். பின்வந்த ஆராய்ச்சிகள், பரம்பரைக் கூறுகளுக்கு இதிற் பெரும்பங்கு உண்டென்று காட்டின. தடுப்பூசியினால் ஆட்டிசம் வருகிறதென்று 1998-ஆம் ஆண்டில் ‘லான்செட்’ பத்திரிகையில் வந்த கட்டுரையோ, பொய்யானதென்று கண்டு 2010-ஆம் ஆண்டில் அப்பத்திரிகையாராலேயே திரும்பப் பெறப்பட்டது. ஆதலால், பெற்றவளைப் பழிப்பதையும், தடுப்பூசிக்கு அஞ்சிப் பிள்ளையை வேறு நோய்களுக்கு ஆளாக்குவதையும் நாம் அடியோடு விட்டுவிட வேண்டும்.

நிற்க. எப்பொழுது, எதைக் கண்டு நாம் விழிப்படைய வேண்டும்? ஒரு வயதாகியும் தன் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பாராத பிள்ளை. ஒன்றரை வயதாகியும் நிலாவையோ நாயையோ விரலாற் சுட்டிக்காட்டாத பிள்ளை. இரண்டு வயதாகியும் “அம்மா வா”, “பால் தா” என்று இரு சொற்களைச் சேர்த்துச் சொல்லாத பிள்ளை. எந்த வயதிலாயினும், வந்த பேச்சை இழந்துவிட்ட பிள்ளை. இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் காத்திருத்தல் கூடாது. “இவன் தாத்தாவும் ஐந்து வயதில்தான் பேசினார்” என்று சொல்லி நாட்கழிப்பது நம்மவர் வழக்கம். தாத்தா பேசியிருக்கலாம், தாத்தாவைப்போலவே இருந்து பேசாமற் போனவரைப் பற்றி யார் நினைவில் வைத்திருக்கிறார்? முதல் ஐந்தாறு வருஷங்களில் மூளை வளர்வதுபோலப் பின்னர் வளர்வதில்லை. “ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்னும் பழமொழியைப் பிள்ளையை அடக்குவதற்கு எடுத்தாளுகிறோம். அதனைப் பெற்றோர் தமக்கே சொல்லிக்கொள்வது பொருத்தம். ஐந்து வயதிற்குள் உதவி தேடாத பெற்றோர் பின்பு பத்து மடங்கு உழைக்க நேரும்.

இவ்விடத்தில் நம் பக்கத்துக் குடும்பங்களின் நிலைமை ஒன்றைக் குறிப்பிட வேண்டும். மழை பொய்த்த காலங்களில் நம் இளந்தம்பதிகள் கட்டடவேலைக்காகப் பெங்களூர் முதலிய இடங்களுக்குப் போய்விடுகிறார்கள். பிள்ளைகள் பாட்டியிடம் வளர்கிறார்கள். பாட்டி அன்பிற் குறைந்தவளல்லள். ஆயினும், பிள்ளை சும்மா இருந்தால் “சமர்த்து” என்று மகிழ்வாள். தொந்தரவு செய்யாமல் மூலையிலே அமர்ந்து சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும் பிள்ளையே கவனிக்கப்பட வேண்டிய பிள்ளை என்பதை அவளுக்கு யாரும் சொல்வதில்லை. வெளியூர் வேலைக்குப் போகும் பெற்றோர், ஊருக்கு வரும்பொழுதெல்லாம் துணிமணி வாங்கித் தருவதோடு நில்லாது, பிள்ளை எத்தனை சொற்கள் பேசுகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். பெண்பிள்ளைகளை இன்னும் கூர்ந்து நோக்க வேண்டும். ஆட்டிசம் ஆண்பிள்ளைகளிடத்தே அதிகமாய்க் கண்டறியப்படுவதனால், பெண்பிள்ளையின் மௌனம் அடக்கமென்று கொள்ளப்பட்டு எளிதில் மறைந்துபோகிறது.

ஐயமுண்டானால் எங்கே போவது? மந்திரிக்கவும் கயிறு கட்டவும் போகுமுன், முதலில் பிள்ளையின் காது கேட்கிறதா என்று சோதிக்கச் செய்யுங்கள். 2013-ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி வைத்தியக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். அவர்கள் வரும் நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ளுதல் தகாது. அன்றுதான் அவசியம் அனுப்ப வேண்டும். பிறந்த குழந்தை முதல் பதினெட்டு வயதுள்ளோர் வரை இத்திட்டத்தில் அடங்குவர். வளர்ச்சி தாமதப்பட்ட பிள்ளைகளை மாவட்டந்தோறும் அமைக்கப்படும் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்திற்கு அனுப்புவதும் அத்திட்டத்தின் பாகமேயாம். நமக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தூரத்தில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. மேலும் ஆராய வேண்டுமாயின் பெங்களூரில் நிம்ஹான்ஸ் நிலையமும், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய அரசாங்கத்தின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிலையமும் உள்ளன.

இப்பிள்ளைகளைக் குணப்படுத்திவிடுவதாகப் பணம் பறிப்போரும் இருக்கின்றனர். ஆட்டிசம் மருந்தினால் நீங்கும் நோயன்று. பயிற்சியினாலும் அனுசரணையினாலும் வாழ்க்கையைச் சீராக்கிக்கொள்ள வேண்டிய இயல்பு. இலட்சக்கணக்கில் பணம் வாங்கி ‘ஸ்டெம் செல்’ ஏற்றுவதை ஆட்டிசத்திற்குப் பரிந்துரைக்கத் தகாதென்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ஆம் ஆண்டில் கூறியிருக்கிறது. நிலத்தை அடகு வைத்து அத்தகைய வைத்தியத்திற்குச் செலவிடுவோர், அப்பணத்தில் பத்திலொரு பங்கைப் பேச்சுப் பயிற்சிக்கும் போக்குவரத்துக்கும் செலவிட்டாற் பலன் காண்பர். ஆனால், கவனம் நில்லாத பிள்ளைகளுள் சிலருக்கு வைத்தியர் கொடுக்கும் மருந்து மெய்யாகவே உதவுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அதனை அஞ்சி ஒதுக்கவும் வேண்டா. வைத்தியரின்றித் தாமே வாங்கிக் கொடுக்கவும் வேண்டா.

இனி வீட்டிற் செய்ய வேண்டுவன. ஒகேனக்கல்லிற் பரிசல் தள்ளுபவர் நீரோடு சண்டையிடுவதில்லை; நீரின் போக்கையறிந்து துடுப்பிட்டே கரை சேர்க்கிறார். பிள்ளை வளர்ப்பும் அத்தகையதே. பிள்ளை எப்பொழுது அலறுகிறது, அதற்கு முன் என்ன நேர்ந்தது என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் பதினைந்து நாள் எழுதி வாருங்கள். மிக்ஸியின் ஓசையோ, சட்டையின் கழுத்துப் பட்டையோ, வழக்கமான வழியை விட்டு வேறு வழியாய்ப் போனதோ காரணமாயிருக்கக் காண்பீர்கள். என் மகன் மாரியம்மன் பண்டிகையிற் பம்பை முழங்கினால் தரையில் விழுந்து புரளுவான். அவனுக்கு அம்மன்மேல் வெறுப்பில்லை. பம்பையின் ஓசையே பொறுக்கவில்லை. பம்பைக்காரர் வருமுன் விடியற்காலையில் அழைத்துப்போனால் அமைதியாய்க் கும்பிட்டு வருகிறான்.

பிள்ளையோடு பேசும்பொழுது சிறு சிறு வாக்கியமாய்ப் பேசுங்கள். ஒரு நேரத்தில் ஓர் ஏவல் போதும். அன்றைய தினத்தில் எழுதல், பல் துலக்கல், உண்ணல், பள்ளிக்குப் போதல் என்பவற்றைப் படமாய் வரைந்து சுவரில் ஒட்டினால், சொல் விளங்காத பிள்ளைக்கும் அடுத்தது இன்னதென்று விளங்கும். மாற்றம் நேர்வதாயின் முன்கூட்டியே சொல்லுங்கள். பேச்சு வராத பிள்ளைக்குப் படத்தைக் காட்டிக் கேட்கப் பழக்குவதனாற் பேச்சு தடைப்படும் என்று அஞ்ச வேண்டா. வேண்டியதைக் கேட்க ஒரு வழி கிடைத்தால் அலறல் குறையும். கைப்பேசியை இவர்கள் கையிற் கொடுத்துவிட்டு நம் வேலையைப் பார்ப்பது, மனிதரோடு பேசிப் பழக வேண்டிய நேரத்தைக் களவாடுவதாகும். புளியங்கொட்டையைப் பிரித்து வைத்தல், நிலக்கடலை உரித்தல், ஆட்டுக்குத் தழை வைத்தல் போன்ற சிறு காரியங்களை விளையாட்டாகக் கூடவே செய்வித்தால் கையும் பழகும், சொல்லும் வரும், வீட்டில் தனக்கும் ஓர் இடமுண்டு என்ற எண்ணமும் உண்டாகும்.

எழுத்திலே தடுமாறும் பிள்ளையைப் பற்றி இரண்டொரு வார்த்தை. தமிழெழுத்து நமக்குப் பழகியதனால் எளிதாய்த் தோன்றுகிறது. ‘கே’ என்று சொல்லும்போது ககர ஓசை முன்னும் ஏகார ஓசை பின்னும் வருகின்றன. எழுதும்போதோ கொம்பு முன்னும் ககரம் பின்னும் நிற்கின்றன. ‘கோ’ என்பதில் ஓர் உயிரின் குறி எழுத்தின் இருபக்கமும் பிரிந்து நிற்கிறது. ரகர றகரங்களும், லகர ளகர ழகரங்களும், னகர ணகரங்களும் எல்லாப் பிள்ளைகளையும் மயக்குவன. இப்பிள்ளைகளை இன்னும் நெடுங்காலம் மயக்குவன. இவர்களை நூறுமுறை எழுதச் சொல்லித் தண்டிப்பதனால் நூறுமுறை பிழையே பழகும். ஓசையையும் எழுத்தையும் ஒவ்வொன்றாய் இணைத்து, கண்ணாற் கண்டு, வாயாற் சொல்லி, விரலால் வரைந்து கற்பிப்பதே இவர்களுக்கு ஏற்ற முறையென்று இக்காலத்துச் சிறப்பாசிரியர்கள் கூறுகின்றனர். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நம் முன்னோர் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகியதும் ஏறக்குறைய அதுவேயன்றோ? ஒரு தாம்பாளத்தில் மணலைப் பரப்ப நமக்குச் செலவு ஒன்றுமில்லை.

சட்டமும் இவர்கள் பக்கம் நிற்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது; ஆட்டிசமும், குறிப்பிட்ட கற்றல் குறைபாடும், அறிவுசார் குறைபாடும் அவற்றுள் அடங்கும். நூற்றுக்கு நாற்பது அளவிற்குக் குறையாத குறைபாடு உண்டென்று சான்று பெற்ற பிள்ளைக்கு ஆறு முதல் பதினெட்டு வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாய்க் கற்க உரிமையுண்டு. பரீக்ஷையில் அதிக நேரம் பெறவும், சொல்வதை எழுத ஒருவரைத் துணைக்கொள்ளவும், இரண்டாம் மொழிப் பாடத்தினின்று விலக்குப் பெறவும் அச்சட்டம் இடங்கொடுக்கிறது. பொதுவிடத்தில் இவர்களை இழிவுபடுத்த வேண்டுமென்றே அவமதிப்பவனுக்கு ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்க 92-ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் இவ்வுரிமைகளிற் பல, சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் இருந்தாலன்றிக் கைக்கு வாரா. சான்று வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சி வாங்காதிருப்போர், தம் பிள்ளைக்குச் சட்டம் கொடுத்ததைத் தாமே பறித்தவராவர்.

பெற்றோர் மனத்தை இரவில் உறங்கவிடாத கேள்வி ஒன்றுண்டு: “எங்களுக்குப் பின் இவனுக்கு யார்?” என்பதே அது. பதினெட்டு வயது நிரம்பிய பின்னும் தன் காரியத்தைத் தானே நடத்தவியலாதவர்க்குச் சட்டப்படி காப்பாளர் ஒருவரை நியமிக்க, 1999-ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி செய்திருக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு என்னும் நான்கிற்கும் அது பொருந்தும். அதற்கெனக் கலெக்டரை உள்ளிட்ட உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்தல் வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி, “அண்ணன் பார்த்துக்கொள்வான்” என்று விட்டுச் செல்லுதல் அண்ணனுக்கும் நியாயமன்று, தம்பிக்கும் பாதுகாப்பன்று.

இனி, இச்சங்கத்தாரிடமே சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். பெற்றோர் ஏன் மறைக்கிறார்கள்? தம் சுகத்திற்காகவன்று. அப்பிள்ளைக்கு ஓர் அக்காள் இருக்கிறாள். அவளுக்கு வரன் தேட வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணிற் படாதபடி தம்பியைக் கொட்டகையிலோ அத்தை வீட்டிலோ கொண்டுபோய் விடுகிறார்கள். அவ்வரன் யார்? நம்மவரே. பார்க்க வருகிறவர்கள் யார்? இங்கே அமர்ந்திருக்கும் நாமே. குலத்துக்குள்ளேயே பெண் கொண்டு பெண் கொடுக்கும் நாம், ஒருவர் வீட்டுக் கதவை ஒருவர் அடைத்து வைத்திருக்கிறோம். ஆகவே மறைக்காதீர்கள் என்று பெற்றோருக்கு உபதேசிப்பது மாத்திரம் போதாது. மறைக்க வேண்டிய அவசியத்தை நாம் ஒழிக்க வேண்டும்.

வெட்கம் என்பது அறியாமையின் பிள்ளை. நம் தாலுகாவைச் சேர்ந்த பாப்பாரப்பட்டியில் 1925-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 23-ஆம் தேதி சுப்பிரமணிய சிவா உயிர் நீத்தார். சிறையிலே குஷ்டரோகம் பற்றிய அத்தேசபக்தரை ரயிலில் ஏறலாகாதென்று அக்காலத்து அரசாங்கம் தடுத்தது. அன்று அந்நோயுற்றவரைக் கண்டு ஒதுங்காதவர் அரியர். இன்று அது மருந்தினால் முற்றும் தீரக்கூடிய நோய் என்பதை எல்லாரும் அறிவர். நான் பேசும் பிள்ளைகளுடையது நோயுமன்று, தொற்றுவதுமன்று. எனினும், அவர்களைக் கண்டு ஒதுங்கும் மனம் அதே மனந்தான். அறிவு பரவுமாயின் அதுவும் மாறும்.

எனவே இச்சங்கத்தின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று: நம் சங்கத்தின் மூலம் விவாகப் பேச்சு நடக்குமிடத்து, உடன்பிறந்தாரின் இத்தகைய நிலையை ஒரு தோஷமாகக் கொண்டு வரனைத் தட்டலாகாதென்று தீர்மானம் செய்தல் வேண்டும், அத்தீர்மானத்தை முதலில் நிர்வாகிகள் தம் குடும்பத்தில் நடத்திக் காட்டுதல் வேண்டும். மற்றொன்று: மாதம் ஒருமுறை இப்பிள்ளைகளின் பெற்றோர் இங்கே கூடுவதற்கு இடமும், தருமபுரிக்கு ஒருமித்துப் போய்வர வண்டிச் செலவும், கல்வி நிதியிலிருந்து ஒரு பாகம் ஒதுக்கிக் கொடுத்தல் வேண்டும். டில்லியில் 1991-ஆம் ஆண்டில் மேரி பரூவா என்னும் தாயார், தம் மகன் பொருட்டுத் தொடங்கிய முயற்சியே ‘ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம்’ என்னும் பெரிய ஸ்தாபனமாக வளர்ந்தது. ஒரு தாய் தொடங்கக்கூடியதை ஒரு குலம் கூடித் தொடங்க இயலாதா?

தாய்மார்களே! அடுத்த கூட்டத்திற்கு வரும்பொழுது அப்பிள்ளைகளையும் கூட அழைத்து வாருங்கள். அவர்கள் ஓடினால் ஓடட்டும். கூச்சலிட்டால் நாம் சற்று நேரம் பேச்சை நிறுத்திக்கொள்வோம். அவர்களும் நம் குலத்துப் பிள்ளைகளே.